விலகலும் வானொலியும்: கார்ல் மெக்கின்டைரின் பொதுவுடைமை எதிர்ப்பு

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பொதுவுடைமை எதிர்ப்பு, அரசியல் நிலைப்பாடாக மட்டுமன்றிச் சமய நம்பிக்கையாகவும் வேரூன்றியது. அதற்குக் காரணமானவர்களுள் குறிப்பிடத்தக்கவர், பழமைவாதச் சீர்திருத்தக் கிறித்தவப் போதகர் கார்ல் மெக்கின்டைர். அவரது எதிர்ப்பு திருச்சபைப் பூசலிலேயே கருக்கொண்டது என்பதை அவர் வாழ்க்கை புலப்படுத்துகிறது.

1906இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்து ஓக்லகோமாவில் வளர்ந்த மெக்கின்டைர், பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பயின்றார். நவீனவாத இறையியலை எதிர்த்து 1929இல் அங்கிருந்து வெளியேறிய பேராசிரியர் கிரஷாம் மேச்சனை அவரும் பின்தொடர்ந்தார். 1933இல் நியூஜெர்சியின் காலிங்ஸ்வுட் சபைக்குப் போதகரானார். 1936இல் பிரஸ்பிட்டேரியன் திருச்சபை அவரைப் பதவிநீக்கியது. பின்னர், உடனிருந்த சபையார் தம் ஆலயக் கட்டடத்தையும் இழந்தனர்.

இவ்விழப்பு அவரது சிந்தனையின் அச்சாயிற்று. தனியுடைமைக்குத் திருமறையின் கட்டளைகளிலேயே அவர் அடிப்படை கண்டார். 1945இல் வெளியிட்ட நூலில், அரசுக் கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தைக் கொடுங்கோன்மையின் எழுச்சியாகக் கருதினார். திருச்சபைக்குள் நவீனவாதமும் நாட்டுக்கு வெளியே பொதுவுடைமையும் அவருக்கு ஒரே பகையின் இரு முகங்கள். ஆகவே, திருச்சபை ஒருமைப்பாட்டு அமைப்புகளுக்கு மாற்றாக 1941இல் அமெரிக்கக் கிறித்தவத் திருச்சபைகளின் பேரவையையும் 1948இல் ஆம்ஸ்டர்டாமில் அதன் பன்னாட்டு அமைப்பையும் நிறுவுவதில் முன்னின்றார்.

1955இல் அவர் தொடங்கிய வானொலி நிகழ்ச்சி பின்னர் நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒலித்தது. திருமறை, நாட்டுப்பற்று, தடையற்ற வணிகம் ஆகியவற்றை ஒரே நம்பிக்கையாக இணைத்த பேச்சு இவ்வாறு இல்லந்தோறும் புகுந்தது. வியட்நாம் போரில் வெற்றி வேண்டி 1970இல் அவர் வாஷிங்டனில் பேரணிகளும் நடத்தினார்.

வீழ்ச்சியும் வானொலியாலேயே நேர்ந்தது. அவரது இறையியல் கல்லூரி 1965இல் வாங்கிய பென்சில்வேனிய நிலையம், மாற்றுக் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் ஒலிபரப்பு விதியை மீறியதாகக் கூறி, 1970இல் அரசு ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 1973இல் நிலையம் மூடப்பட்டது. அவர் கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்ப முயன்றார், அதுவும் நிலைக்கவில்லை. விலகலை அறமாகப் போற்றியவரிடமிருந்து அவருடைய திருச்சபையினருள் ஒரு பகுதியினர் 1956இலேயே பிரிந்திருந்தனர். பின்னர் அமெரிக்கப் பேரவையும் விலகியது.

அவ்விதி 1987இல் கைவிடப்பட்டபின், ஒருசார்பு அரசியல் வானொலி அமெரிக்காவில் தழைத்தது. 2002இல் மெக்கின்டைர் மறைந்தபோது அவரது அமைப்புகள் சுருங்கியிருந்தன. அவர் பழக்கிய பேச்சுமுறையோ பொதுவழக்காகியிருந்தது. ஆகவே, அவரது செல்வாக்கை அமைப்புகளின் அளவால் மதிப்பிடுதல் பொருந்தாது. பண்பாட்டில் எஞ்சிய மொழியாலேயே மதிப்பிடல் வேண்டும்.