கோல் போட்டவர் மட்டுமா ஹீரோ? தியான் சந்த் சொல்லிக்கொடுத்த 'முன்வரிசை' பாடம்

2023 ஆகஸ்ட் 12, சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம். ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி இறுதி ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்தபோது மலேசியா 3, இந்தியா 1. கதை முடிஞ்சுது என்று பலரும் நினைத்த நேரத்தில், மூன்றாவது கால் பகுதியின் கடைசி நிமிடத்தில் அடுத்தடுத்து 2 கோல். 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் 4-3 என்று கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

இப்படி ஒரு வெற்றி வந்துவிட்டால், மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலும் பொன்னேரி ரயில் நிலைய வாசல் டீக்கடையிலும் ஒரே வாதம்தான். கோல் போட்டவன்தான் ஹீரோ என்பார் ஒருவர். பந்தை எடுத்துக் கொடுத்தவனை ஏன் யாரும் பேசலை என்பார் இன்னொருவர். முன்வரிசையில யாரோட யார் ஒத்து வர்றாங்க, யாரை மாத்தினா ஆட்டம் கெடும் என்று பேச்சு நீளும்.

இந்த வாதத்துக்கு வயது ஏறக்குறைய நூறு. அதன் நடுவில் நிற்பவர் இந்திய ஹாக்கியின் பெரிய பெயர், தியான் சந்த். பந்தைக் குச்சியில் ஒட்டவைத்துத் தனியாகவே ஓடிக் கோல் போட்ட மாயாவி என்றுதான் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறொரு ஆள் தெரிகிறார்.

சிப்பாயாகத் தொடங்கியவர்

தியான் சந்த் பிறந்தது 1905 ஆகஸ்ட் 29, அலகாபாத்தில். அப்பா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார். அப்பாவின் இடமாற்றங்களோடு குடும்பமும் ஊர் ஊராக மாறியது. படிப்பு சில வகுப்புகளோடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் தங்கியது. அந்த ஊர்தான் அவருக்குச் சொந்த ஊராக ஆனது.

சின்ன வயதில் அவருக்கு ஹாக்கி மீது தனி ஆசை ஒன்றும் கிடையாது. 17 வயதில், 1922-ல், சாதாரண சிப்பாயாகப் படையில் சேர்ந்த பிறகுதான் குச்சியைக் கையில் எடுத்தார். அங்கே இருந்த சுபேதார் மேஜர் பாலே திவாரி அவருக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். பகலில் டியூட்டி, முடிந்த பிறகு பயிற்சி. மின்விளக்கு இல்லாத மைதானத்தில் நிலா வெளிச்சத்தில் ஆடியதால்தான் தியான் சிங் என்ற பெயரோடு 'சந்த்' ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். சந்த் என்றால் இந்தியில் நிலா.

1926-ல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்து போனது. 21 ஆட்டங்களில் 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் சிப்பாய் தியான் சந்த், லான்ஸ் நாயக் ஆனார். ஆட்டம் அவருக்கு வாங்கிக்கொடுத்த முதல் பதவி உயர்வு அது.

வழியனுப்ப வந்தது மூன்று பேர்

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்தியா முதல்முறையாக ஹாக்கி அணியை அனுப்பியது. பம்பாய் துறைமுகத்தில் அணியை வழியனுப்ப வந்தவர்கள் மொத்தம் 3 பேர். கேப்டன் ஜெய்பால் சிங். ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0, இறுதியில் நெதர்லாந்தை 3-0 என்று வீழ்த்தித் தங்கம் வென்றது இந்தியா. 5 ஆட்டம், 29 கோல், வாங்கியது பூஜ்ஜியம். அதில் 14 கோல் தியான் சந்த் அடித்தவை. அணி திரும்பி வந்தபோது அதே பம்பாய் துறைமுகத்தில் பெருங்கூட்டம்.

அந்தக் காலத்து 'லைன்' எப்படி இருந்தது?

இன்றைய ஆட்டத்தில் 15 நிமிடம் கொண்ட 4 பகுதிகள் உண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். களைத்துப்போனவர் வெளியே, புதியவர் உள்ளே. அப்போது அப்படி இல்லை. இறங்கிய 11 பேர்தான் 70 நிமிடமும் ஓட வேண்டும். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. செயற்கைப் புல்வெளியும் கிடையாது, புல்தரைதான்.

முன்வரிசையில் 5 பேர். இரண்டு ஓரத்திலும் அவுட்சைடு ரைட், அவுட்சைடு லெஃப்ட். அவர்களுக்கு உள்பக்கம் இன்சைடு ரைட், இன்சைடு லெஃப்ட். நடுவில் சென்டர் ஃபார்வர்டு. தியான் சந்தின் இடம் இந்த நடு இடம்.

இன்னொரு முக்கியமான விஷயம் ஆஃப்சைடு விதி. பந்து வரும்போது, முன்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கும் கோலுக்கும் இடையே எதிரணியினர் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். 1972 வரை இந்த விதி இருந்தது. அப்படின்னா என்ன அர்த்தம்? இன்றுபோல ஒருவர் முன்கூட்டியே எதிரணி கோல் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்க முடியாது. ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் ஏறி வரணும். பாஸ் கிளம்பும் நொடியும், வாங்குபவர் பாயும் நொடியும் ஒன்றாக இருக்கணும். அரை நொடி முந்தினால் ஆஃப்சைடு, அரை நொடி பிந்தினால் பந்து எதிரணிக்கு. அதனால் பக்கத்தில் ஆடுபவரின் மனசு தெரியாமல் அந்தக் காலத்தில் கோல் போடுவது ரொம்பக் கஷ்டம்.

தம்பி வந்தார்

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு அணி தேர்வு நடந்தபோது, தேர்வுப் போட்டிகளில் ஆடப் படைப்பிரிவு தியான் சந்துக்கு விடுப்பு தரவில்லை. ஆடாமலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது இந்திய ஹாக்கி கூட்டமைப்பு. அதே அணியில் அவருடைய தம்பி ரூப் சிங்கும் இடம்பிடித்தார். இடம், அண்ணனுக்குப் பக்கத்தில், இன்சைடு லெஃப்ட். ரூப் சிங்கின் பலம் வேகமான அடி. அண்ணன் தடுப்பாளர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் பந்தைத் தள்ளிவிடுவார். தம்பி முடித்துவைப்பார்.

கப்பல் வழியில் கொழும்பில் இறங்கி, சிலோன் அணிகளோடு இரண்டு ஆட்டம் ஆடினார்கள். 20-0, 10-0 என்று இரண்டிலும் வெற்றி. லாஸ் ஏஞ்சல்ஸில் உலகப் பொருளாதார நெருக்கடியால் ஹாக்கிக்கு வந்ததே 3 அணிகள்தான். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று இந்தியா வென்றது. அமெரிக்காவுக்கு எதிராகத் தம்பி 10 கோல், அண்ணன் 8 கோல். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் ரூப் சிங் 13, தியான் சந்த் 12. உலகமே கொண்டாடிய சென்டர் ஃபார்வர்டை அவருடைய தம்பியே முந்திய ஒலிம்பிக் அது. அந்தப் பயணத்தில் இந்தியா ஆடிய 37 ஆட்டங்களில் அடித்தது 338 கோல். அதில் 133 தியான் சந்தினுடையது.

அவர் கோல் போடாத ஆட்டம்

இத்தனை கோல் அடித்தவர், தான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது என்று எதைச் சொன்னார் தெரியுமா? ஒலிம்பிக் இறுதி எதையும் அல்ல. 1933-ல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி. ஒரு பக்கம் பலம்வாய்ந்த கல்கத்தா கஸ்டம்ஸ். மறுபக்கம் உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்த ஜான்சி ஹீரோஸ்.

கஸ்டம்ஸ் அணி விடாமல் தாக்கியது. ஜான்சி கோல் எந்த நிமிடமும் விழும் என்ற நிலை. அப்போது நடு மைதானத்திலிருந்து தியான் சந்த் நீளமாக ஒரு பாஸ் தள்ளினார். ஓரத்தில் இருந்த இஸ்மாயில் அதை எடுத்துக்கொண்டு பாதி மைதானத்தை ஒரே ஓட்டத்தில் கடந்தார். தடுப்பாளருக்கும் கோல்கீப்பருக்கும் இடையே யார் போவது என்ற குழப்பம். அந்த இடைவெளியில் இஸ்மாயில் புகுந்து அடித்தார். 1-0. அந்த ஒரு கோலோடு கோப்பை ஜான்சிக்குப் போனது. தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டம் என்று தியான் சந்த் சொன்னதில் கோல் போட்டவர் அவர் இல்லை.

பெர்லினில் ஒரு தோல்வி, ஒரு தந்தி

1935-ல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல் அடித்தது. தியான் சந்த் மட்டும் 201. அப்போது அடிலெய்டில் கிரிக்கெட் மேதை டான் பிராட்மேனைச் சந்தித்தார். கிரிக்கெட்டில் ரன் எடுப்பதுபோல இவர் கோல் அடிக்கிறாரே என்று பிராட்மேன் வியந்ததாகச் சொல்வார்கள்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தியான் சந்த் கேப்டன். போட்டி தொடங்கும் முன்பு ஜூலையில் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 4-1 என்று தோற்றது. கேப்டனுக்கு அன்று தூக்கமே போனது. காரணம் அவருக்குத் தெரியும். முன்வரிசையில் இன்சைடு ரைட் இடம் சரியாக அமையவில்லை. ஐந்து பேரில் ஒருவர் ஒத்து வராவிட்டால் மற்ற நால்வரின் திறமையும் வீண். உடனே இந்தியாவுக்குத் தந்தி போனது. அலி தாராவை அனுப்புங்கள் என்பது கோரிக்கை. கப்பலில் வந்தால் நேரம் போதாது என்பதால் விமானத்தில் அனுப்பிவைத்தார்கள். அரையிறுதிக்கு முன் தாரா வந்து சேர்ந்தார்.

ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்றிருந்த இந்தியா, தாரா சேர்ந்த பிறகு பிரான்ஸை 10-0 என்று நொறுக்கியது. இறுதியில் எதிரே நின்றது அதே ஜெர்மனி. மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஆகஸ்ட் 15 அன்று ஆட்டம் நடந்தது. உடைமாற்றும் அறையில் காங்கிரஸின் மூவர்ணக் கொடியை விரித்து, அதை வணங்கிவிட்டு இறங்கியது அணி. மைதானத்தில் ஏறியதோ பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. அதே தேதியில் 11 ஆண்டு கழித்து நாடு விடுதலை பெறும் என்று அன்று யாருக்குத் தெரியும்?

பாதி ஆட்டம் வரை 1-0 தான். ஈரத் தரையில் கால் வழுக்கியது. இடைவேளைக்குப் பிறகு தியான் சந்த் ஷூவைக் கழற்றிவிட்டு ஆடினார். ஆட்டம் முடிந்தபோது 8-1. ஷஹாபுதீன், தாரா, தியான் சந்த், ரூப் சிங், ஜாபர் என்ற அந்த ஐவர் வரிசை அன்று ஒரே ஆள்போல ஓடியது. தாரா மட்டும் 2 கோல். கேப்டன் அடித்தது 3 என்று சில பதிவுகளும் 6 என்று சில பதிவுகளும் சொல்கின்றன. 8 கோல் விழுந்த ஆட்டத்தில் யார் அடித்தது என்ற கணக்கே இன்றுவரை ஒத்துப்போகவில்லை என்றால், பந்து எத்தனை கைமாறி உள்ளே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஹிட்லர் அவரை ஜெர்மன் ராணுவத்துக்கு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார் என்ற கதை ரொம்பப் பிரபலம். ஆனா, அந்தக் காலத்து ஆவண ஆதாரம் இல்லாமல் வாய்வழியாகவே வளர்ந்த கதை அது.

பிரிந்த வரிசை

அதன்பின் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் நடக்கவில்லை. ஒரு ஆட்டக்காரரின் நல்ல வயது அப்படியே கரைந்தது. 1947-ல் நாடு பிரிந்தபோது அந்த முன்வரிசையும் பிரிந்தது. பெர்லினுக்குப் பறந்து வந்த அலி தாரா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணியின் கேப்டன்.

1947-48ல் கிழக்கு ஆப்பிரிக்கா இந்திய அணியை அழைத்தபோது, தியான் சந்த் வந்தால்தான் அழைப்பு செல்லும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்போது அவருக்கு வயது 42. 22 ஆட்டங்களில் 61 கோல். அந்தப் பயணத்தில் நடந்ததாக உடன் ஆடியவர்கள் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. தியான் சந்த் கே.டி.சிங் பாபுவுக்கு ஒரு பாஸ் கொடுத்துவிட்டு, கோல் விழுந்ததா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி நடந்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பாஸில் கோல் போட முடியாதவர் இந்த அணியில் இருக்கவே தகுதியில்லை என்றாராம். கேட்க கர்வம்போல இருக்கும். பக்கத்தில் ஆடுபவர் மேல் வைத்த நம்பிக்கை என்றும் இதைச் சொல்லலாம்.

சென்னைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவருடைய சுயசரிதை 'கோல்' 1952-ல் வெளியானது. வெளியிட்டது டெல்லியோ பம்பாயோ இல்லை, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' பத்திரிகை. தான் ஒரு சாதாரண ஆள்தான் என்ற தொனியிலேயே அந்தப் புத்தகத்தில் தன் கதையைச் சொல்லியிருப்பார்.

1956-ல் மேஜராக ஓய்வுபெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளராக இருந்தார். பிறகு ஜான்சி. 1975 உலகக் கோப்பை இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தது அவருடைய மகன் அசோக் குமார். அடுத்த ஆண்டே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் இந்தியா 7-வது இடத்துக்கு இறங்கியதையும் பார்த்தார். கடைசிக் காலத்தில் கையில் காசு இல்லை. கல்லீரல் புற்றுநோய் வேறு. தம்பி ரூப் சிங் 1977 டிசம்பரில் போய்விட்டார். 1979 டிசம்பர் 3 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் அண்ணனும் போனார். ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

எட்டு மாதத்துக்குள், 1980 ஜூலையில், மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா மறுபடியும் தங்கம் எடுத்தது. கேப்டன் தமிழ்நாட்டுக்காரர், வாசுதேவன் பாஸ்கரன். அதைப் பார்க்கத்தான் தியான் சந்த் இல்லை.

2012 முதல் அவர் பிறந்த ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு நாள். டெல்லி தேசிய மைதானத்துக்கு 2002-ல் அவர் பெயர் வந்தது. 2021-ல் கேல் ரத்னா விருதும் அவர் பெயருக்கு மாறியது. வாழும்போது கிடைக்காத மரியாதை இப்போது நிறையவே கிடைக்கிறது.

அடுத்த முறை இந்தியா ஜெயித்து, பொன்னேரி டீக்கடையில் கோல் போட்டவனா, பாஸ் கொடுத்தவனா என்ற வாதம் சூடுபிடித்தால், பெய்ட்டன் கோப்பை இறுதியை எடுத்துச் சொல்லுங்கள். உலகத்திலேயே பெரிய கோல்காரர் என்று பேரெடுத்தவர், தன் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தது இஸ்மாயில் கோல் போட்ட ஆட்டத்தை.