சாம் பாரிஸ்: ஒட்டுத் தெரியாமல் இணைத்த கை

அமெரிக்காவில் பழைய கார்ப் பிரியர்களிடம் பாரிஸ் என்று சொன்னால், ஜோர்ஜ் பாரிஸைத்தான் முதலில் நினைப்பார்கள். 1966இல் வந்த பேட்மன் தொலைக்காட்சித் தொடருக்குக் கார் செய்து கொடுத்துப் புகழ்பெற்றவர் அவர். நான் எழுத விரும்புவது அவருடைய அண்ணன் சாமைப் பற்றி. தம்பி பேசினார், படம் எடுத்தார், விளம்பரம் தேடினார். அண்ணன் தகரத்தை வெட்டி ஒட்டினார்.

சாம் 1924இல் சிக்காகோவில், கிரேக்க வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த சகோதரர்கள் இருவரும் கலிபோர்னியாவின் ரோஸ்வில் நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார்கள். வீட்டார் கொடுத்த 1925ஆம் ஆண்டு பியூக் கார்தான் அவர்களுடைய முதல் பள்ளிக்கூடம். நெளிவுகளைத் தாங்களே தட்டி எடுத்து, தாங்களே நிறம் பூசினார்கள்.

பிறகு உலகப் போர் வந்தது. சாம் கடற்படைக்குப் போனார். போர் முடிந்து திரும்பியவர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தம்பி தொடங்கியிருந்த கராஜில் சேர்ந்துகொண்டார்.

அங்கே அவர் செய்த வேலையின் இலட்சணமே கண்ணுக்குப் படாமல் இருப்பதுதான். கதவுக் கைபிடியைக் கழற்றித் துளையை மூடுவது, பொனட்டில் உள்ள சின்னத்தை எடுத்து இடத்தைச் சமப்படுத்துவது, முன்விளக்கை உடலுக்குள் சற்று உள்வாங்க வைப்பது. இன்றைய பட்டி அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஈயத்தைச் சூடாக்கி, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும் மரக்கட்டையால் தடவி, ஆறியபின் அரத்தால் ராவவேண்டும். சூடு கூடினால் ஈயம் வழிந்துவிடும், குறைந்தால் பிடிக்காது. எல்லாம் முடிந்தபின் பார்ப்பவருக்குக் கார் அழகாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். எங்கே கைவைத்தார்கள் என்பது தெரியாது.

1949ஆம் ஆண்டு மாடலாகப் புதிய வடிவில் மேர்க்குரி கார் வந்தது. சாம் தனக்கென்று ஒன்றை வாங்கி, அதன் கூரையை வெட்டித் தாழ்த்தினார். தூண்களில் சில அங்குலங்களை வெட்டி எடுத்தால் போதும் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் தூண்கள் சாய்வாக நிற்பவை. கூரை கீழே இறங்கியதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பொருந்தாது. கண்ணாடியை வெட்டவேண்டும், பின்கண்ணாடியைச் சரிக்கவேண்டும், இடைவெளிக்குத் தகரம் சேர்க்கவேண்டும். புதிய வளைவு தொழிற்சாலையிலேயே அப்படி வந்ததுபோல இருக்கவேண்டும். சாமின் கார் அப்படித்தான் இருந்தது. அதன்பின் கூரை தாழ்த்துவதற்கென்றே இளைஞர்கள் மேர்க்குரியைத் தேடத் தொடங்கினார்கள்.

1952இல் பொப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய வழி அமெரிக்க இளைஞர் தன் 1951 மேர்க்குரியைக் கொண்டுவந்தார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழி மக்களை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்துவைத்து, முழுதாகப் பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சாம் கூரையைத் தாழ்த்தி, நடுத்தூணையும் எடுத்துவிட்டார். பச்சையின் இரண்டு சாயல்களில் வந்த அந்தக் கார் கண்காட்சிகளில் பேசப்பட்டது. 1959இல் ஒரு மாணவர் அதை வெறும் 500 டொலருக்கு வாங்கினார். 2022இல் ஏலத்தில் அது சுமார் 20 இலட்சம் டொலருக்குப் போனது.

சாம் அதைப் பார்க்கவில்லை. 1950களின் நடுப்பகுதியிலேயே கராஜை விட்டு, குடும்பத்தோடு சாக்ரமென்டோ பக்கம் போய்விட்டார். 1967இல் புற்றுநோயால் இறந்தார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை.

இவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ரிங்கர் வேலைக்காரர்களை நினைக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 கார்களையும் மொறிஸ் மைனர்களையும், கிடைத்த தகரத்தை வைத்துத் தெருவில் நிறுத்தியவர்கள் அவர்கள். சாம் செய்தது அழகுக்காக, இவர்கள் செய்தது பிழைப்புக்காக. தட்டும் சூடும் அரமும் ஒன்றுதான். நல்ல வேலை தன்னை மறைத்துக்கொள்ளும். கூடவே செய்தவரையும் மறைத்துவிடும். சாமின் பெயரை அவருடைய ஊர்க்காரர்கள் எழுதிவைத்ததால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நான் இதை எழுத முடிகிறது. உங்கள் ஊர்க் கராஜில் இப்போதும் ஒரு முதியவர் இருந்தால், அவருடைய பெயரையும் அவர் ஒட்டிய கார்களின் கதையையும் கேட்டு எழுதிவையுங்கள்.