காலராவுக்குக் கணக்குப் போட்ட டாக்டர்!

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் 50 பேர் படிக்கிறார்கள். அவர்களில் 10 பேருக்குக் காய்ச்சல். 'ஆ' பிரிவில் 20 பேர்தான். அவர்களில் 8 பேருக்குக் காய்ச்சல். எந்தப் பிரிவில் காய்ச்சல் அதிகம்?

எட்டைவிடப் பத்து பெரிதுதான். ஆனால் 'அ' பிரிவில் ஐந்து பேருக்கு ஒருவர் படுத்திருக்கிறார். 'ஆ' பிரிவிலோ ஐந்து பேருக்கு இருவர்! ஆகவே 'ஆ' பிரிவில்தான் காய்ச்சல் அதிகம். இந்த எளிய கணக்கை வைத்து ஒரு கொடிய நோயின் ரகசியத்தைக் கண்டறிந்தவர் டாக்டர் ஜான் ஸ்னோ.

இங்கிலாந்தில் யார்க் நகரில் 1813ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி ஸ்னோ பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவரே மூத்தவர். 14 வயதில் நியூகாசில் நகரில் ஒரு மருத்துவரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அந்தப் பகுதியில் காலரா பரவியது. சுரங்கத் தொழிலாளர்களைக் கவனிக்கும் வேலை இளைஞர் ஸ்னோவுக்கு வந்தது. அப்போது காலராவுக்குச் சரியான மருந்தே கிடையாது.

1836ஆம் ஆண்டு லண்டன் சென்று படித்து டாக்டரானார். மயக்க மருந்து கொடுப்பதில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். 1853ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர் இவர்தான்.

ஆனால் அவர் மனம் காலராவையே சுற்றி வந்தது. கெட்ட நாற்றமுள்ள காற்றினால்தான் காலரா வருகிறது என்று அந்தக் காலத்து டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். அசுத்தமான குடிநீரால் வருகிறது என்று 1849ஆம் ஆண்டு ஸ்னோ எழுதினார். அதைப் பலரும் ஏற்கவில்லை.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், லண்டனில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா தாண்டவமாடியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தெருவின் தண்ணீர் பம்பின் மேல் ஸ்னோவுக்குச் சந்தேகம். அருகில் ஏழைகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதில் 535 பேர் இருந்தும் 5 பேர் மட்டுமே இறந்தனர். சுற்றியுள்ள தெருக்களைப் போலவே அங்கும் நோய் தாக்கியிருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்திருக்க வேண்டும் என்று ஸ்னோ கணக்குப் போட்டார். விசாரித்தால், அந்த விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது!

செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அங்கு நோய் தணியத் தொடங்கியிருந்தது. அதனால் கைப்பிடியை மட்டும் காட்டி ஊரை நம்ப வைக்க முடியாது. இன்னும் பெரிய ஆதாரம் வேண்டும்.

அதே ஆண்டில் அந்த வேலையிலும் ஸ்னோ இறங்கியிருந்தார். தெற்கு லண்டனில் இரண்டு நிறுவனங்கள் குழாயில் தண்ணீர் கொடுத்தன. சவுத்வார்க் வாக்ஸ்ஹால் நிறுவனம், ஊரின் சாக்கடை கலந்த இடத்தில் தேம்ஸ் நதி நீரை எடுத்தது. லாம்பெத் நிறுவனம் 1852ஆம் ஆண்டு முதல், சாக்கடை கலக்காத மேல்பகுதியில் நீர் எடுத்தது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இந்தத் தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு அந்தத் தண்ணீர். இரண்டு வீட்டுக்கும் காற்று ஒன்றுதான்!

பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுத்த வில்லியம் ஃபார், இறந்தவர்களின் முகவரிகளைக் கொடுத்து உதவினார். ஸ்னோ வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த நிறுவனத்தின் தண்ணீர் என்று கேட்டார். பலருக்குத் தெரியவில்லை. அப்போது அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சோதித்துக் கண்டுபிடித்தார்.

நோய் பரவிய முதல் ஏழு வாரங்களில் சவுத்வார்க் வாக்ஸ்ஹால் வீடுகளில் 1,263 பேர் இறந்திருந்தனர். லாம்பெத் வீடுகளில் 98 பேர். லண்டனின் மற்றப் பகுதிகளில் 1,422 பேர். அப்படியானால் மற்றப் பகுதிகள்தானே மோசம் என்று தோன்றுகிறதல்லவா?

இங்கேதான் நம் ஆறாம் வகுப்புக் கணக்கு வருகிறது. ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்தது என்ற விவரம் பாராளுமன்றத்தில் தாக்கலாகியிருந்தது. சவுத்வார்க் வாக்ஸ்ஹாலுக்கு 40,046 வீடுகள். லாம்பெத்துக்கு 26,107. மற்றப் பகுதிகளில் 2,56,423 வீடுகள்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 10,000 வீடுகளுக்கு சவுத்வார்க் வாக்ஸ்ஹாலில் சுமார் 315 சாவுகள். லாம்பெத்தில் சுமார் 37. மற்றப் பகுதிகளில் சுமார் 55தான்! சாக்கடை கலந்த தண்ணீர் குடித்த வீடுகளில் எட்டு மடங்குக்கும் மேல் சாவு. குற்றவாளி தண்ணீர்தான் என்பது பளிச்சென்று தெரிந்தது.

ஒருவேளை அந்த 40,046 வீடுகளை 80,000 என்று யாராவது தவறாக எழுதியிருந்தால்? 315 என்பது பாதியாகக் குறைந்திருக்கும். நோய் குறையாது, கணக்கில் மட்டும் குறையும்! ஒரு வீட்டில் நாலு பேர் இருப்பார்கள், இன்னொன்றில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் வீடுகளை விட ஆட்களை எண்ணுவதே நல்லது. ஸ்னோவும் 1856ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்து மறுபடி கணக்குப் போட்டார்.

1858ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, 45 வயதில் ஸ்னோ காலமானார். அவர் கருத்தை உலகம் முழுதாக ஏற்பதை அவர் பார்க்கவில்லை. 1866ஆம் ஆண்டு கிழக்கு லண்டனில் காலரா பரவியபோது, முன்பு தயங்கிய வில்லியம் ஃபாரே குடிநீர்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். ராபர்ட் கோச் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1884ஆம் ஆண்டு நம் கல்கத்தாவில் ஆராய்ந்து, காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார்.

இன்றும் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்றுதான் நோய்களை அளக்கிறார்கள். அதற்கு ஊரில் உள்ளவர்களின் எண்ணிக்கை சரியாகத் தெரிய வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்கள் விடுபட்டால், அந்த ஊரில் நோய் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருந்தாலும் இப்படித் தவறு வரும்.

குட்டீஸ், இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று செய்தி படித்தால், எத்தனை பேரில் என்று உடனே கேளுங்கள். ஜான் ஸ்னோ கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான்!