வத்திராயிருப்பு தந்த விஞ்ஞான மேதை

ஜோகுபாளையத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை அடிக்கடி தலைகாட்டுகின்றது. நம் பிள்ளைகள் பௌதிகமும் உயர்கணிதமும் கற்று முன்னேற வேண்டுமானால், வீட்டுத் தமிழைக் கைவிடத்தான் வேண்டுமோ என்பதே அது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் நாம் இதற்கு விடை கூறத் தகுதியுடையோம் அல்லோம். ஆயினும் ஒரு பெரியாரின் வாழ்க்கை விடை கூறுகின்றது. அவரே டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்.

அவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழும் வடமொழியும் கற்றறிந்தவர். திருவில்லிபுத்தூர்ப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற கிருஷ்ணன், அக்கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பயிற்றாளராக அமர்ந்தார். நண்பகல் இடைவேளையில் எந்த மாணவரும் அவரிடம் வந்து, எந்த விஞ்ஞானத் துறையிலும் ஐயம் கேட்கலாம் என்பது அங்கு வழக்கமாயிற்று.

கைக்கு எட்டிய வேலையோடு அவர் அமைதி கொண்டாரில்லை. 1920-இல் கல்கத்தா சென்று, பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் மீண்டும் மாணவராக அமர்ந்து பௌதிகம் கற்றார். ஒளி என்பது மின்விசையும் காந்தவிசையும் இணைந்தோடும் அலையே என 1865-இல் மாக்ஸ்வெல் கணித வழியில் காட்டியிருந்தார். அந்த மின்காந்தவியலைக் கற்பதற்குக் கணிதமே திறவுகோல். அத்திறவுகோலைக் கிருஷ்ணன் கைவரப் பெற்றார்.

1923-இல் சர் சி. வி. இராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். திரவத்தின் ஊடே செல்லும் ஒளி சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருவதை 1928 பிப்ரவரியில் இருவரும் கண்டனர். அதனை விளக்கி இராமன் பேருரை ஆற்றியது நம் பெங்களூரில்தான். 1928 மார்ச் 16-ஆம் நாள் சென்ட்ரல் கல்லூரியோடு தொடர்புடைய விஞ்ஞானச் சங்கக் கூட்டத்தில் அது நிகழ்ந்தது. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. பரிசு தமக்கு வரவில்லை என்று கிருஷ்ணனின் உழைப்பு தளரவில்லை.

1928-இலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்றிருந்த அவர், அங்கே காந்தவியலில் புது வழி கண்டார். சிறு படிகமொன்றை மெல்லிய இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கு இடையே தொங்கவிட்டார். படிகம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகக் காந்தத்துக்கு இணங்குவதில்லை, ஆதலால் அது தானே திரும்பும், இழையும் முறுக்கேறும். அம்முறுக்கை அளந்து, கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறுகள் உள்ளே எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் கணக்கிட்டார். ஓர் இழை, ஒரு காந்தம், கூரிய கணிதம் ஆகிய இவையே அவருக்குக் கருவிகள்!

பின்னர்க் கல்கத்தா, அலகாபாத் எனப் பல ஊர்களில் பேராசிரியராக விளங்கினார். 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1947-இல் புதுதில்லித் தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். நிர்வாகச் சுமைக்கு இடையிலும் 1948-இல், சில தொடர்களின் கூட்டுத்தொகை அவற்றுக்குரிய தொகையீட்டுக்குச் சமமாவதைப் பற்றிக் கணிதக் கட்டுரை எழுதினார். 1961 ஜூனில் மறைந்தார்.

வங்கத்திலும் வடநாட்டிலும் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும் அவர் தமிழை மறந்தாரில்லை. இலக்கியத்தில் தோய்ந்தார், விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலும் எழுதினார். உயர்கல்வியும் தாய்மொழியும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே! வாழும் நாட்டின் கன்னடத்தை நம் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறட்டும். ஆயின் மாலையில் விளக்கேற்றியபின், அன்று படித்த பாடமொன்றைத் தமிழில் எடுத்துரைக்குமாறு அவர்களைக் கேளுங்கள். நம் இல்லத்தில் இவ்வழக்கத்தைத் தொடங்கியுள்ளோம். முதல் நாள் நம் மகள் சொற்கள் கிடைக்காமல் தடுமாறினாள். சில வாரங்களில் தடையின்றிச் சொல்லலானாள். மின்காந்த அலை இன்னதென்று அவள் தமிழில் சொல்லக் கேட்டே நாமும் அறிந்தோம். பிள்ளையிடம் பாடம் கேட்பதில் நமக்கு வெட்கமில்லை, மகிழ்ச்சியே.

வாழ்க கிருஷ்ணன் புகழ்! வளர்க நம் சங்கம்!