இராபர்ட் பேக்வெல்

இராபர்ட் பேக்வெல் (மே 23, 1725 – அக்டோபர் 1, 1795) இங்கிலாந்தின் லெஸ்டர்சயர் பகுதியைச் சேர்ந்த வேளாண்மையாளர். கால்நடைகளைத் திட்டமிட்டுத் தெரிவு செய்து இனப்பெருக்கம் செய்யும் முறையை வளர்த்தெடுத்த முன்னோடி ஆவார். செம்மறி ஆடு, மாடு, வண்டிக்குதிரை, பன்றி ஆகிய நான்கிலும் இவர் உழைத்தார். அவற்றுள் பெரும்புகழ் தந்தது புதிய லெஸ்டர் அல்லது டிஷ்லி எனப்படும் செம்மறி ஆட்டினம். இதே பெயரில் நிலவியலாளர் ஒருவரும் வாழ்ந்துள்ளார். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று.

வாழ்க்கை

பேக்வெல் லஃப்பரோ நகருக்கு அருகிலுள்ள டிஷ்லி கிரேஞ்ச் என்னும் பண்ணையில் பிறந்தார். பண்ணை குடும்பத்திற்குச் சொந்தமானதன்று; அவருடைய தந்தை அதன் குத்தகையாளர். இளமையில் இங்கிலாந்தின் பிற பகுதிகளுக்கும் ஐரோப்பாவிற்கும் சென்று அங்குள்ள வேளாண் முறைகளைக் கண்டறிந்தார். 1760இல் தந்தை இறந்தபின் பண்ணையின் முழுப்பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய சகோதரி ஹன்னா வீட்டைக் கவனித்துக்கொண்டார்.

டிஷ்லி பண்ணை

பண்ணையின் பரப்பு ஏறத்தாழ 440 ஏக்கர். அதில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே உழவு நிலம், எஞ்சியது புல்வெளி. 1770இல் இங்கு வந்த வேளாண் எழுத்தாளர் ஆர்தர் யங், ஏறத்தாழ 60 குதிரைகளும் 400 ஆடுகளும் 150 மாடுகளும் இந்நிலத்தில் வளர்க்கப்பட்டதைக் கண்டு வியந்து, தம் பயண நூலில் விரிவாக எழுதினார். அவ்வளவு கால்நடைகளுக்கும் தீனி கிடைத்ததற்குக் காரணம் நீர்ப்பாசனமே. பேக்வெல் ஓடை நீரைக் கால்வாய்கள் வழியே திருப்பிப் புல்வெளிகளில் பரவவிட்டு, ஆண்டுக்குப் பலமுறை புல் அறுத்தார். நீர் பாயாத சிறு துண்டு நிலங்களை வேண்டுமென்றே நடுவில் விட்டுவைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பாசனத்தால் என்ன விளைந்தது என்பதை வருவோர் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க அவை உதவின. டர்னிப் கிழங்குகளையும் அதே கால்வாயில் மிதக்கவிட்டார். கிழங்குகள் கழுவப்பட்டுத் தொழுவத்தருகே தாமே வந்து சேர்ந்தன.

மாடுகள் நவம்பர் முதல் மார்ச் வரை கொட்டிலில் கட்டித் தீனியிடப்பட்டன. எந்த விலங்கையும் அடித்து வளர்க்கக் கூடாது என்பது பண்ணையின் வழக்கம். பெரிய பொலிகாளைகளையும் சிறுவர்கள் ஒரு சிறு குச்சியுடன் நடத்திச் சென்றனர் என்று வந்தவர்கள் வியப்புடன் பதிவு செய்துள்ளனர்.

இனப்பெருக்க முறை

அக்காலத்தில் பெரும்பாலான மந்தைகளில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே மேய்ந்தன. எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்பதை அறிய வழியில்லை. செம்மறி ஆடு முதன்மையாகக் கம்பளிக்காகவும் நிலத்திற்கு எருவிடுவதற்காகவும் வளர்க்கப்பட்டது. இறைச்சி இரண்டாம் நிலைப் பயன். நகரங்கள் வளர்வதையும் இறைச்சித் தேவை பெருகுவதையும் கண்ட பேக்வெல் இவ்வரிசையை மாற்றினார். தின்ற புல்லை விரைவாகவும் மிகுதியாகவும் இறைச்சியாக்கும் விலங்கையே அவர் தேடினார். உயரமோ நீண்ட கால்களோ தடித்த எலும்போ அவருக்குத் தேவைப்படவில்லை. விலை மிகுந்த உடற்பகுதிகளில் தசையும் கொழுப்பும் திரள வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பதில் இரண்டு ஆண்டுகளில் ஆடு சந்தைக்கு ஆயத்தமாக வேண்டும்.

இதற்காக ஆண், பெண் விலங்குகளை வேலியடைத்த தனித்தனி மேய்ச்சல் நிலங்களில் பிரித்து வைத்தார். விரும்பிய பண்பு கொண்டவற்றை மட்டும் இணைத்தார். அப்பண்பை நிலைநிறுத்தத் தந்தை–மகள், தாய்–மகன், உடன்பிறப்புகள் என நெருங்கிய உறவுடைய விலங்குகளையும் இணைத்தார். இம்முறை உள்ளினச் சேர்க்கை எனப்படுகிறது. அன்றைய உழவர்கள் பலர் இதனை இயற்கைக்கு மாறானது என அஞ்சினர். அவ்வச்சம் முற்றிலும் அடிப்படையற்றதன்று. இவ்வாறு இணைக்கும்போது நல்ல பண்புகள் நிலைபெறுவது போலவே, மறைந்திருக்கும் குறைபாடுகளும் வெளிப்படும். குறையுள்ளவற்றை இரக்கமின்றிக் கழித்தாலன்றி இம்முறை பயன் தராது. பேக்வெல் கழித்தார்.

அவருடைய வீட்டுக் கூடத்தில், புகழ்பெற்ற ஆடுமாடுகளின் எலும்புக்கூடுகளும் உப்பு நீரில் இடப்பட்ட இறைச்சித் துண்டுகளும் வைக்கப்பட்டிருந்தன. பல தலைமுறைகளின் எலும்பு அளவையும் கொழுப்பின் தடிப்பையும் ஒப்பிட இவை பயன்பட்டன. மரபியல் என்னும் சொல்லே இல்லாத காலத்தில் அவருடைய பதிவேடு இதுவே. தம் முறையை விளக்கி அவர் நூல் எதுவும் எழுதவில்லை. ஜார்ஜ் கல்லி என்னும் மாணவருக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. அவை 1957இல்தான் நூலாக வெளிவந்தன.

கிடா வாடகை

பேக்வெல் தம் சிறந்த கிடாக்களை விற்கவில்லை; ஒரு பருவத்திற்கு மட்டும் வாடகைக்கு விட்டார். 1760 வாக்கில் ஒரு கிடாவின் வாடகை ஒரு பவுண்டுக்கும் குறைவு. 1786இல் கிடா வாடகையால் மட்டும் 1000 கினிகளுக்கு மேல் ஈட்டினார் (ஒரு கினி 21 ஷில்லிங்). அவரும் சுற்றுவட்டார வளர்ப்பாளர்களும் சேர்ந்து 1780களில் டிஷ்லி சங்கத்தை அமைத்து, யார் எக்கிடாவை எவ்வளவுக்கு விடலாம் என விதிகள் வகுத்தனர்.

இம்முறையைப் பலரும் வணிகத் தந்திரமாக மட்டுமே பார்க்கின்றனர். அதனினும் பெரிய பயன் ஒன்று அதில் இருந்தது. ஒரு கிடாவின் உண்மையான தரம் அதன் தோற்றத்தில் இல்லை, குட்டிகளில் உள்ளது. வாடகைக்குச் சென்ற கிடாக்கள் பல பண்ணைகளில், பலவகைப் பெட்டைகளோடு, பலவகை மண்ணிலும் தீனியிலும் குட்டிகளை ஈந்தன. அக்குட்டிகளைப் பார்த்தபின் எக்கிடா சிறந்தது என முடிவு செய்து, அதனைத் தம் சொந்த மந்தைக்கு மீட்டுக்கொள்ள பேக்வெல்லால் முடிந்தது. விற்றிருந்தால் இது இயலாது. பிறருடைய செலவில் சோதனை நடந்தது, அதற்கு வாடகையும் அவர்களே தந்தனர். இன்று வழித்தோன்றல் சோதனை எனப்படுவதன் தொடக்க வடிவம் இதுவே. இக்காலத்தில் பொலிகாளைகளையும் பொலிப்பன்றிகளையும் தெரிவு செய்வதில் வழித்தோன்றல்களின் அளவீடுகள் இன்றியமையாத இடம் பெற்றுள்ளன.

தம் இனத்தைக் காப்பதில் அவர் கடுமையானவர். கழிக்கப்பட்ட ஆடுகளை இறைச்சிக் கடைக்காரர் வழியாக வாங்கி எவரும் இனப்பெருக்கம் செய்துவிடாதிருக்க, விற்பதற்கு முன் அவற்றை வெள்ளம் பாய்ச்சிய புல்வெளியில் மேயவிட்டு, ஈரல் அழுகல் நோய்க்கு உட்படுத்தினார் என அக்காலத்தவர் எழுதியுள்ளனர். இந்நோய்க்குக் காரணமான தட்டைப்புழு ஈர நிலத்து நத்தைகளின் வழியே பரவுகிறது என்பது 1880களின் தொடக்கத்தில்தான் நிறுவப்பட்டது. காரணம் அறியாமலேயே நோயை வரவழைக்கும் வழியை அவர் அறிந்திருந்தார். விலங்கை அடிக்கக் கூடாது என்றவரின் பண்ணையில் இதுவும் நடந்தது.

மாடு, குதிரை, பன்றி

லாங்ஹார்ன் எனப்படும் நீள்கொம்பு மாட்டினத்தை இறைச்சிக்காகச் சீர்படுத்தினார். டூபென்னி என்னும் காளை இவற்றுள் பெயர்பெற்றது. கருநிற வண்டிக்குதிரைகளையும் மேம்படுத்தினார். அவற்றுள் ஒன்றை 1785இல் இலண்டனில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் பார்வையிட்டார். பன்றிகளிலும் அதே முறையைக் கையாண்டார், ஆயினும் நிலைத்து நின்ற இனம் எதுவும் உருவாகவில்லை. நெருங்கிய உறவில் இணைக்கப்பட்ட பன்றிகளில் ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை குறைவதும் குட்டிகள் நலிவதும் விரைவில் வெளிப்படும். இங்கிலாந்துப் பன்றிகள் பெரிதும் மாறியது சீன, நாப்பொலி நாட்டுப் பன்றிகளுடன் கலந்தபோதுதான்.

நொடிப்பு

டிஷ்லிக்கு அயல்நாட்டு இளவரசர்கள் முதல் அண்டை உழவர்கள் வரை பலர் வந்தனர். அனைவருக்கும் ஒரே உணவறையில் விருந்தளிக்கப்பட்டது. இச்செலவும் சோதனைகளின் செலவும் வருவாயை மிஞ்சின. 1776இல் அவர் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டார். எனினும் பண்ணையை விடாது தொடர்ந்தார். மேற்குறித்த பெரிய வாடகைகள் யாவும் இதற்குப் பின்னரே வந்தன.

திறனாய்வு

புதிய லெஸ்டர் ஆட்டின் இறைச்சியில் கொழுப்பு மிகுதி, சுவை குறைவு என்று அன்றே குறை கூறப்பட்டது. செல்வர் மேசைக்காக அன்றி, உழைக்கும் மக்களுக்காகவே வளர்ப்பதாக அவர் கருதினார். கடும் உடலுழைப்புக்கு மலிவான கொழுப்பு தேவைப்பட்ட காலம் அது. பெட்டைகள் குறைவாக ஈன்றன, பாலும் குறைந்தது. அவருடைய மாடுகளிலும் பால் குறைந்தது, சில பதிற்றாண்டுகளில் ஷார்ட்ஹார்ன் இனம் அவற்றைப் பின்தள்ளியது. அவ்வினத்தை வளர்த்த சார்லஸ் காலிங் டிஷ்லிக்கு வந்து கற்றவர். உள்ளினச் சேர்க்கையில் பிறந்த அவருடைய காமெட் என்னும் காளை 1810இல் 1000 கினிக்கு விற்றது.

பேக்வெல்லின் உழைப்பால் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆடுமாடுகளின் எடை இருமடங்குக்கு மேல் ஆனது எனப் பல பாடநூல்களில் காணப்படுகிறது. அவ்வெடைக் கணக்குகளை 20ஆம் நூற்றாண்டு வரலாற்றாய்வாளர்கள் ஏற்கவில்லை. மேலும் அவர் நாடியது பேருருவம் அன்று, விரைவான முதிர்ச்சி.

தாக்கம்

டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில் பேக்வெல்லின் ஆடுகளிலிருந்து வந்த இரு மந்தைகளைச் சான்றாகக் காட்டினார். கலப்பின்றி 50 ஆண்டுகளுக்கு மேல் வளர்க்கப்பட்டும் அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் போலத் தோன்றின. மொராவியாவின் புருனோ நகரில் 1814இல் தோன்றிய செம்மறி வளர்ப்போர் சங்கமும் பேக்வெல்லின் முறையை விவாதித்தது. பின்னாளில் மெண்டல் சேர்ந்த மடத்தின் தலைவர் நாப் இச்சங்கத்தில் பங்குகொண்டவர். பிரான்சில் டிஷ்லி ஆடுகள் மெரினோவுடன் கலக்கப்பட்டு ஈல்-டி-பிரான்ஸ் இனம் உருவானது. டிஷ்லி வழிவந்த பார்டர் லெஸ்டர் கிடாக்கள் ஆத்திரேலியாவில் மெரினோ பெட்டைகளுடன் இணைக்கப்படுகின்றன. புதிய லெஸ்டரின் நேர் வழித்தோன்றலான லெஸ்டர் லாங்வுல் ஆடு அருகிவிட்ட இனமாகப் பாதுகாக்கப்படுகிறது.

பேக்வெல் இறந்தபின் அவருடைய சகோதரி மகன் ஹனிபோர்ன் பண்ணையை ஏற்றார். பேக்வெல்லின் கல்லறை டிஷ்லியில் இடிந்து கூரையிழந்த தேவாலயத்தினுள் உள்ளது.