ரத்தத்தில் நோயை அளந்த மேதை சுப்பாராவ்

திருவனந்தபுரம் வலியசாலையில் கிள்ளியாற்றை அடுத்த தெருக்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழர்களானாலும் சரி, பிழைப்புத் தேடிச் சாலைக் கடைவீதிக்கு வந்து மூட்டை தூக்குவோரும் கணக்கெழுதுவோருமானாலும் சரி, உடம்புக்கு வந்துவிட்டால் டாக்டர் முதலில் அனுப்புவது ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான். மாலையில் ஒரு சீட்டு கைக்கு வரும். சர்க்கரை இவ்வளவு, யூரியா இவ்வளவு, கிரியாட்டினின் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு என்று வரிசையாக எண்கள் இருக்கும். அந்த எண்களைப் பார்த்த பிறகே டாக்டர் மருந்து எழுதுவார்.

நாடி பிடித்தும் நாக்கை நீட்டச் சொல்லியும் நோயை ஊகித்து வந்த காலம் போய், ரத்தத்தில் கலந்துள்ள பொருள்களை அளந்து நோயை அறியும் காலம் வந்தது சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில்தான். அந்த மாற்றத்துக்கு உழைத்த விஞ்ஞானிகளில் ஒருவர் சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறியவர். அவர்தான் டாக்டர் யெல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாம் முறை வெற்றி

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணி செய்தவர். உடல் நலிவால் அவர் முன்னதாகவே ஓய்வு பெற நேர்ந்தது. பெரிய குடும்பம், வருமானமோ சொற்பம்.

சிறுவனுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். தாயார் வெங்கம்மா ஆள் அனுப்பி அவனை வழியிலேயே திருப்பி அழைத்து வந்தார். படித்தே ஆகவேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொன்னார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோல்வி. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார்.

பிறகு மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகும் ஆசையும் அவருக்கு இருந்தது. மருத்துவம் படித்து ஏழைகளுக்குத் தொண்டு செய்யுமாறு மடத்துப் பெரியவர்கள் அறிவுரை கூறவே, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார். படிப்புச் செலவில் மாமனாரும் நண்பர்களும் பங்கேற்றனர்.

கதரும் பட்டமும்

காந்தியடிகள் அந்நியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன நேரம் அது. அறுவைச் சிகிச்சை வகுப்பில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார் சுப்பாராவ். இது ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவச் சேவையில் சேர முடியாமல், சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார்.

இதற்கிடையில் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. ஸ்ப்ரூ என்னும் வயிற்றுப்போக்கு நோய் அவருடைய சகோதரர் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிற்று. அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்துக்கொண்டார். குடலில் உணவு சேராமல், ரத்தம் வெளுத்து, ஆள் எலும்பும் தோலுமாகிச் சாகும் அந்த நோய்க்குக் காரணம் என்ன என்று அன்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. உடம்பினுள் நடப்பதை அறிய வேண்டும் என்ற தாகம் அவருக்கு அப்போதுதான் பிறந்தது.

பாஸ்டனில் போர்ட்டர் வேலை

காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியும் மாமனாரின் உதவியும் கொண்டு, இளம் மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டு, 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய இந்தியப் பட்டத்தை வைத்து அங்கே டாக்டர் தொழில் செய்ய முடியாது. வயிற்றுப்பாட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் இரவு போர்ட்டராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவுவதும் அந்த வேலையில் அடக்கம். பகலில் படிப்பு, இரவில் இந்த உழைப்பு. ஊரை விட்டு வந்து பிழைக்கும் எவருக்கும் இந்த வாழ்க்கை புரியும்.

டிப்ளமா பெற்றபின் ஹார்வர்டின் உயிர் வேதியியல் துறையில் இடம் கிடைத்தது. சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே அதிலுள்ள பொருள்களை அளக்கும் முறைகளை வகுத்துப் பெயர் பெற்ற ஆட்டோ ஃபோலின் அத்துறையின் தலைவர். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியருடன் சேர்ந்து சுப்பாராவ் ஆராய்ச்சியைத் தொடங்கினார்.

நீல நிறம் சொன்ன கணக்கு

ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கண்டறிவதே முதல் வேலை. ரத்தத்திலுள்ள புரதத்தை முதலில் அமிலம் சேர்த்து நீக்கிவிட வேண்டும். எஞ்சிய தெளிந்த நீரில் மாலிப்டேட் உப்பும், பிறகு நிறம் வரச் செய்யும் மற்றொரு மருந்தும் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு இதை ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற இது 1925 இல் வெளியாயிற்று. உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைகளாகச் செய்து பழகிய சோதனை இது.

வயது வந்தவர்களுக்கு 100 மில்லி லிட்டர் ரத்த நீரில் சுமார் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை பாஸ்பரஸ் இருப்பது வழக்கம். சிறுநீரகம் கெட்டால் இது ஏறும். குழந்தைகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயில் பெரும்பாலும் இறங்கும். வலியும் வீக்கமும் தெரிவதற்கு முன்பே ரத்தம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. இத்தகைய பொருள்களை இன்று உயிர்க்குறியீடுகள் என்கிறார்கள்.

இந்தச் சோதனையைத் தசைச் சாற்றில் செய்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. நீல நிறம் உடனே வராமல் தாமதித்து மெல்ல மெல்ல ஏறிற்று. சோதனை பிசகிவிட்டது என்று வேறொருவராக இருந்தால் சாற்றைக் கொட்டியிருப்பார். ஏதோ ஒரு பொருள் பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது என்பதை இவ்விருவரும் உணர்ந்தனர். அப்பொருள்தான் பாஸ்ஃபோகிரியாட்டின். 1927 இல் இதை அறிவித்தார்கள். தசை வேலை செய்ய உடனடிச் சக்தியைத் தரும் சேமிப்பு இது. 1929 இல், உயிரணுக்களின் சக்தி நாணயம் எனப்படும் ஏ.டி.பி. என்ற பொருளையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டு இதைக் கண்டறிந்தார்.

பரிசோதனைச் சீட்டில் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின், தசையிலுள்ள கிரியாட்டினும் பாஸ்ஃபோகிரியாட்டினும் சிதைந்து உண்டாவதே. சிறுநீரகம் அதை வெளியேற்றத் தவறினால் ரத்தத்தில் அதன் அளவு கூடும்.

இத்தனை செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர ஆசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1930 இல் டாக்டர் பட்டம் பெற்றபின் பத்தாண்டுகள் காத்திருந்தார். கண்டுபிடிப்புகளின் பெருமை பெரும்பாலும் ஃபிஸ்க்குக்கே போயிற்று. சுப்பாராவும் தம் பங்கைச் சொல்லி வாதாட முன்வரவில்லை. 1940 இல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவர் என்னும் ஊரிலுள்ள லெடர்லி மருந்து ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சென்றார். விரைவிலேயே அங்கு ஆராய்ச்சி இயக்குநரானார்.

சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து

பம்பாயில் ஆலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடும் ரத்தசோகையை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931 இல் எழுதியிருந்தார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் எது என்பது விளங்காமலே இருந்தது. கீரையிலும் ஈரலிலும் உள்ள ஃபோலிக் அமிலமே அது. சுப்பாராவின் தலைமையிலான குழு 1945 இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டிற்று.

அடுத்து நடந்த சோதனைகளில், ஸ்ப்ரூ நோயாளிகளின் வெளுத்த ரத்தம் ஃபோலிக் அமிலத்தால் தேறிற்று. இரு சகோதரர்களைப் பறிகொடுத்தவரின் கூடத்திலிருந்தே அந்த நோய்க்கு மருந்து பிறந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தால் நோய் வேகமெடுப்பதாகக் கண்டார். அப்படியானால் அதற்கு எதிரான பொருளைக் கொடுத்தால் நோய் அடங்க வேண்டும் அல்லவா? அத்தகைய எதிர்ப்பொருள்களை லெடர்லி கூடம் செய்து கொடுத்தது. அமினோப்டெரின் என்ற மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 இல் இச்செய்தி வெளியாயிற்று. அதன் சகோதர மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படுகிறது. புற்றுநோய்க்கு இதை அதிக அளவில் கொடுக்கும்போது ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளந்து, அதற்கேற்ப மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். மூட்டுவாதத்துக்கோ வாரம் ஒருமுறைதான் இதைச் சாப்பிட வேண்டும். தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

மந்து என்று கேரளத்தில் சொல்லும் யானைக்கால் நோய்க்கும் சுப்பாராவின் கூடத்திலிருந்து 1947 இல் ஹெட்ரசான் என்ற மருந்து வந்தது. அந்நோயின் நுண்புழுக்கள் பெரும்பாலும் இரவில்தான் ரத்தத்தில் உலவும். எனவேதான் சுகாதார ஊழியர்கள் இரவு நேரத்தில் வீடு தேடி வந்து ரத்தம் எடுத்தார்கள். 2004 முதல் கேரளத்தின் பல மாவட்டங்களில் ஆண்டுதோறும் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரை இதே மருந்துதான்.

திரும்பாத பயணம்

1948 ஆகஸ்டில் ஒருநாள் காலை, சுப்பாராவ் தம் அறையில் உயிரற்றுக் கிடந்தார். தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 வரை அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை; இடம் தந்த பின்பும் அவர் அதைப் பெறாமலே இறந்தார். ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடுவார் என்று காத்திருந்த சேஷகிரி அம்மையார் கணவர் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. உலகத்துக்கு வந்த நன்மையின் விலையில் ஒரு பகுதியை அந்த அம்மையாரும் செலுத்தினார் என்பதை மறக்கலாகாது.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. நூற்றாண்டு விழாவையொட்டி 1995 இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அன்று ஒரு பொருளை அளக்க ஒரு சோதனை தேவைப்பட்டது. இன்று ஒரு துளி ரத்தத்தில் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை ஒரே சமயத்தில் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்திலேயே பிறவி வளர்சிதைக் கோளாறுகளைக் கண்டு, மூளை பாதிக்கும் முன் சிகிச்சை தொடங்க முடிகிறது. ஒரே நோய்க்கு ஒருவருக்குக் கேட்கும் மருந்து மற்றவருக்கு ஏன் கேட்பதில்லை என்பதையும் இந்த அளவுகளைக் கொண்டே ஆராய்கிறார்கள்.

ஆனால் ஓர் எண் மட்டும் நோயை முழுவதும் சொல்லிவிடாது. சென்ற மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று ஒப்பிடும்போதுதான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது டாக்டருக்குத் தெரியும். மளிகைப் பற்றுச் சீட்டைப் பத்திரப்படுத்துவது போலப் பரிசோதனைச் சீட்டுகளையும் தேதிவாரியாக வைத்திருந்து, டாக்டரிடம் போகும்போதெல்லாம் எடுத்துப் போவது நல்லது. மருந்துக்கு முன் அளவு என்பதே சுப்பாராவ் தம் வாழ்க்கை முழுவதும் கைக்கொண்ட முறை.