ராமானுஜனும் ஒரு பதின்மூன்று இலக்க எண்ணும்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்றதும் நம் எல்லோருக்கும் 1729 என்ற எண்தான் நினைவுக்கு வரும். அவர் வாழ்வில் அதைவிட முக்கியமான வேறொரு எண் உண்டு. அது 39,72,99,90,29,388. அதாவது 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாததால் எஃப்.ஏ. தேறவில்லை, உதவித்தொகையும் போயிற்று. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதி, தாம் கண்ட சூத்திரங்களை அனுப்பினார். அவற்றுள் ஒன்று பிழையானது. ஆனால் அந்தப் பிழைக்குள்தான் ஒரு பெரிய கண்டுபிடிப்பின் வித்து இருந்தது.

கடல் கடக்கக் கூடாது என்ற ஆசாரம் முதலில் தடுத்தது. தாயார் கோமளத்தம்மாள் சம்மதித்த பின், 1914 மார்ச்சில் கப்பலேறினார்.

அங்கே அவரும் ஹார்டியும் எடுத்துக்கொண்ட கேள்வி, சிறுவர்களுக்கும் புரியக்கூடியது. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதமாக எழுதலாம். 10-ஐ 42 விதமாகவும், 100-ஐ 19,05,69,292 விதமாகவும் எழுதலாம். அப்படியானால் 200-ஐ? ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஆயுள் போதாது. ராமானுஜனின் உள்ளுணர்வும் ஹார்டியின் நிரூபணத் திறனும் சேர்ந்து ஒரு சூத்திரம் உருவாயிற்று.

அதைச் சோதிப்பது எப்படி? முன்பு ராணுவத்தில் மேஜராக இருந்த கணித அறிஞர் மக்மஹோன், 1 முதல் 200 வரை எல்லா எண்களுக்கும் விடைகளைக் கையாலேயே கணக்கிட்டுத் தந்தார். 200-க்கு அவர் கண்ட விடைதான் மேலே சொன்ன எண். சூத்திரத்தின் முதல் உறுப்பு மட்டும் தந்த விடை சுமார் 36,000 குறைவாக இருந்தது. எட்டு உறுப்புகளைக் கூட்டியதும் வித்தியாசம் வெறும் 0.004! இக்கட்டுரை 1918-ல் வெளியாயிற்று.

மக்மஹோனின் அதே அட்டவணையில் ராமானுஜன் இன்னொன்றையும் கவனித்தார். 4, 9, 14, 19 என 4-லோ 9-லோ முடியும் எண்களுக்கு விடை எப்போதும் 5-ஆல் வகுபடுகிறது. இதை அவரே 1919-ல் நிரூபித்து வெளியிட்டார்.

அதற்குள் உடல்நலம் குன்றிவிட்டது. 1918-ல் ராயல் சொஸைட்டி உறுப்பினரானார். 1919-ல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. அவர்கள் வகுத்த வழியிலேயே சென்று, 1937-ல் ராடமாகர் என்பவர் இம்மியும் பிசகாத சூத்திரத்தைக் கண்டார்.

கடிதத்தில் ஒரு சூத்திரம் தவறு என்று ஹார்டி அதை ஒதுக்கியிருந்தால் இத்தனையும் நடந்திராது. நம் வீட்டுக் குழந்தை கணக்கைத் தப்பாகப் போட்டால், விடையை அடிக்கும் முன் அது போன வழியையும் ஒருமுறை பார்ப்போமே!